தவிட்டில் போனதும் நரம்பில் தெரிவதும்: பி வைட்டமின்கள் பற்றி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், மூச்சு முட்டும், ஒரு நாள் இதயம் நின்றுவிடும். அதே நாட்டின் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த தமிழர்களிடம் அந்த நோய் அபூர்வமாகவே இருந்தது. வெயிலும் மழையும் கொசுவும் இருவருக்கும் பொது. வறுமையும் பொது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இருவரும் உண்ட சோற்றைக் கவனித்தார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசியைச் சமைத்தார்கள். தமிழர்கள் சமைத்தது புழுங்கலரிசி. 1907இல் அவர் எழுதிய நூல் இந்த வேறுபாட்டைத்தான் முன்வைத்தது. கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் சொன்ன விளக்கம் தவறென்று பின்னால் தெரிந்தது. அரிசிதான் காரணம் என்று அவர் கண்டது சரியாகவே இருந்தது.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 இறுதியில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராக இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணிக்குப் பச்சரிசிச் சோறு, மற்ற அணிக்குப் புழுங்கலரிசிச் சோறு. கட்டடத்தில் குற்றம் இருக்குமோ என்று பாதியில் இரு அணிகளையும் இடம் மாற்றியும் பார்த்தார். சோதனை முடிந்தபோது பச்சரிசி அணியில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி அணியில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சத்துணவு அறிவியலின் முதல் பெரிய ஆதாரங்களில் ஒன்று இப்படிக் கிடைத்தது என்பதை மறந்துவிட்டு அதன் பலனை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நரம்பு நோய் வருவதையும் தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் அது தீர்வதையும் பார்த்திருந்தார். சோற்றில் நஞ்சு, தவிட்டில் மாற்று என்று அவர் எண்ணினார். அவருக்குப் பின் அங்கே வேலை செய்த ஹெரிட் ஃகிரைன்ஸ் 1901இல் அதைத் திருத்தி, சோற்றில் ஏதோ கூடுதலாக இல்லை, ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கிறது என்றார். நோய் என்றால் உள்ளே வந்த ஒன்றால் வருவது என்று கிருமியியல் உலகையே நம்பவைத்திருந்த காலம் அது. இல்லாத ஒன்றால் மனிதன் சாவான் என்பதை ஏற்க மருத்துவ உலகத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

புழுங்கலரிசியில் என்ன நடக்கிறது என்பதை நம் ஊர் அரைவை ஆலைக்காரர் எவரும் பாதிக்குப் பாதி சொல்லிவிடுவார். நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, அதன் பிறகே உமி நீக்குகிறார்கள். மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாதது. உமிக்கு அடியில் உள்ள தவிட்டுப் படலத்தில் இருக்கும் நீரில் கரையும் சத்துகள் அந்த ஊறலிலும் ஆவியிலும் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றன. பிறகு ஆலையில் தவிட்டைச் சீவி எறிந்தாலும் உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது. பச்சையாகவே தீட்டும் அரிசியில் அந்தச் சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தீவனமாகப் போய்விடுகிறது. சத்து என்ற கணக்கே தெரியாத காலத்தில், நெல் எளிதாக உமி கழலவும் அரிசி நொறுங்காமல் இருக்கவும் கண்ட வழி, தமிழ்நாட்டையும் இலங்கையையும் பெரிபெரியிலிருந்து பெருமளவு காத்தது. பச்சரிசி உண்ட வடக்குச் சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், அந்த நோய் நெடுங்காலம் இருந்தது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருளைத் தேடியவர்கள் பலர். காசிமிர் ஃபங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். யான்சனும் டோனாட்டும் 1926இல் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார்கள். அதன் வேதிக் கட்டமைப்பைக் கண்டு 1936இல் ஆய்வகத்தில் அதைச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தம்பி ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தது ஊட்டியில். அவர் கண்டுபிடித்தது பி5 எனும் பாந்தோதெனிக் அமிலம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் இரண்டு பி வைட்டமின்களின் வரலாற்றில் நிற்பது அறிவியலில் அடிக்கடி நடப்பதல்ல.

தவிட்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் எடுத்த சாற்றில் ஒரே ஒரு பொருள் இருப்பதாக முதலில் நினைத்தார்கள். பிரிக்கப் பிரிக்க அது குடும்பமாக விரிந்தது. இன்று அதில் எட்டுப் பேர்: பி1 தயமின், பி2 ரைபோஃபிளேவின், பி3 நியாசின், பி5 பாந்தோதெனிக் அமிலம், பி6 பைரிடாக்சின், பி7 பயோட்டின், பி9 ஃபோலேட், பி12 கோபாலமின். நடுவே விடுபட்ட எண்கள் ஒரு காலத்தில் வைட்டமின் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு அப்படி இல்லை என்று தள்ளப்பட்டவை. வேதியியலில் இந்த எட்டுக்கும் உறவு கிடையாது. நீரில் கரைவதும், உடலின் நொதிகளுக்குத் துணையாக நிற்பதும்தான் இவற்றை ஒரு குடும்பமாக்குகின்றன.

துணை என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் கடை விளம்பரங்கள் நம்மைத் தடம் மாற்றுகின்றன. பி வைட்டமின் எதுவும் எரிபொருள் அல்ல. ஒரு கலோரியும் தராது. சுவர் எழுப்பச் செங்கலும் சாந்தும் வேண்டும். அவை சோறும் பருப்பும். கொத்தனார் கையில் உள்ள கரண்டி சுவருக்குள் போவதில்லை, ஆனால் கரண்டி இல்லாமல் சுவர் எழாது. அதே கொத்தனாருக்குப் பத்துக் கரண்டி வாங்கிக் கொடுத்தாலும் சுவர் வேகமாக எழாது. பி வைட்டமின்களைப் பற்றி நூறாண்டு ஆய்வு சொல்வதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். குறைந்தால் உடல் நிலைகுலைகிறது. தேவை நிறைந்த பிறகு மேலும் கொட்டுவதால் பெரும்பாலும் பலன் இல்லை, சில நேரம் கேடும் உண்டு.

தயமினை எடுத்துக்கொள்வோம். சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, செல்லுக்குள் பைருவேட் என்ற பொருளாக உடைகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் உலைக்குள் நுழையும் வாசலில் நிற்கும் நொதிக்குத் தயமின் வேண்டும். இல்லையென்றால் வாசல் அடைபடுகிறது. பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாகிறது. ஆற்றலுக்கு இடைவிடாமல் பசித்திருக்கும் உறுப்புகளான நரம்பும் மூளையும் இதயமும்தான் முதலில் அடிபடுகின்றன. பெரிபெரியின் அறிகுறிகள் பெரும்பாலும் இந்த அடைப்பிலிருந்து வருபவை. வெள்ளைச் சோற்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் உண்பவருக்கு நோய் விரைந்து வருவதன் காரணமும் இதுவே: மாவுச்சத்து கூடக்கூடத் தயமின் தேவையும் கூடுகிறது, வரத்து குறைகிறது.

உடலின் தயமின் இருப்பு மொத்தமே சுமார் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதனால் பெரிபெரி பழங்கதை ஆகிவிடவில்லை. 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயாப் பால்மாவில் தயமின் இல்லாமல் போனதால் குழந்தைகள் இறந்தன, பிழைத்தவை சிலவற்றுக்கு மூளை பாதித்தது. கம்போடியா, லாவோஸ் போன்ற நாடுகளிலும் நம் காஷ்மீரிலும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இதய நோயாக அது இன்றும் வருகிறது. தாய் உண்பது தீட்டிய அரிசி, பிரசவத்துக்குப் பின் பத்தியம், பாலில் தயமின் குறைவு. இதுதான் அங்கே காணும் தொடர். நேரத்தில் ஒரு தயமின் ஊசி போட்டால் மரண விளிம்பில் இருந்த குழந்தை சில மணி நேரத்தில் தெளிகிறது.

நம் பக்கத்தில் தயமின் குறைவு பெரும்பாலும் குடிப்பழக்கத்தின் வழியாக வருகிறது. மது குடலில் தயமின் ஏறுவதைத் தடுக்கிறது. குடிப்பவர் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறார். திடீரென்று கண் அசைவு தடுமாறி, நடை குலைந்து, பேச்சு குழம்பினால் அது போதை தெளியாதது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். வெர்னிக்கே மூளைநோயாக அது இருக்கலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சியிருந்த கொஞ்ச தயமினும் செலவாகி மூளைக்கேடு முற்றும். அதனால்தான் இத்தகைய நோயாளிக்குத் தயமின் ஊசியைத் தாமதிக்கக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொல்லித்தருகிறார்கள். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போகலாம்.

அரிசிக் கதையில் குன்னூருக்கு ஓர் இடம் உண்டு. ராபர்ட் மெக்கரிசன் 1918இல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வாகத் தொடங்கியதுதான் வளர்ந்து, பின்னால் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து மெக்கரிசன் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், கீரை, பயறு அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழைகளின் அரிசி உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. இந்தத் தர வரிசையை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. புழுங்கல் நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது உண்மை. சோற்றோடு பருப்பும் கீரையும் பாலும் மீனும் போதிய அளவு சேராத தட்டை அது காக்கவில்லை.

இன்று புழுங்கலரிசியையும் பளிச்சென்று வெளுக்கும்வரை தீட்டித்தான் விற்கிறார்கள். நான்கைந்து முறை அரிசியைக் களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டும்போது நீரில் கரையும் வைட்டமின்கள் கழுநீரோடும் வடிகஞ்சியோடும் போகின்றன. ஒன்றிரண்டு முறை களைவதும், அளவான தண்ணீரில் பொங்குவதும், வடித்தால் அந்தக் கஞ்சியைக் குடிப்பதும் காசு செலவில்லாத வழிகள். இட்லி மாவு புளிக்கும்போது சில பி வைட்டமின்களின் அளவு ஓரளவு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரிசியோடு சேரும் உளுந்தும் அதற்கு வளம் சேர்க்கிறது. பழைய சோற்றில் பி12 நிரம்பி வழிவதாகச் சுற்றும் செய்திகளை மட்டும் நம்ப வேண்டாம். தாவர உணவு புளிப்பதால் நம்பத்தக்க அளவில் பி12 உண்டாவதில்லை.

அரிசிக்குப் பெரிபெரி எப்படியோ, மக்காச்சோளத்துக்குப் பெல்லாக்ரா அப்படி. வெயில் படும் தோல் கருத்துச் செதிலாகும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், பிறகு மரணம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டும் பல்லாயிரம் ஏழைகள் இதில் இறந்தார்கள். தொற்றுநோய் என்று எல்லோரும் சொன்னபோது ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர், விடுதிகளிலும் சிறைகளிலும் இருப்பவர்களுக்கு வரும் நோய் அங்கே வேலை செய்பவர்களுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார். மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் கொழுப்புமே உணவாக இருந்தவர்களுக்குப் பாலும் இறைச்சியும் முட்டையும் கொடுத்து நோயைத் தடுத்துக் காட்டினார். தொற்றில்லை என்று நிரூபிக்க நோயாளிகளின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். 1929இல் அவர் இறந்தபோதும் குறைந்திருந்த பொருள் எது என்று தெரிந்திருக்கவில்லை. அது நியாசின் என்று 1937இல் கான்ராட் எல்வேஜெம் கண்டார். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைப்பார்கள். மக்காச்சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் அதில் விடுபடுகிறது. பயிர் மட்டும் கடல் கடந்து போனது, பக்குவம் போகவில்லை.

இந்தியாவில் தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தை, அதாவது ஜோவாரை, முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா இருந்தது. அதைத் துருவியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். நியாசினை உடல் ஓரளவு தானே செய்துகொள்ளும்: டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் 60 மில்லிகிராம் இருந்தால் ஒரு மில்லிகிராம் நியாசின் கிடைக்கும். ஜோவாரில் மிகுதியாக உள்ள லூசின் என்ற வேறோர் அமினோ அமிலம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது என்று கோபாலன் வாதிட்டார். அது இன்றுவரை முழுதாக முடிவுக்கு வராத விவாதம். ஒரு சத்தின் குறைவு அந்தச் சத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல என்று காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. கைப்பிடி நிலக்கடலை நியாசினுக்கு நல்ல வழி.

அதே நியாசினைப் பெரிய அளவில் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2011இலும் 2014இலும் வெளியாயின. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் அழகாயின. மாரடைப்பு குறையவில்லை, பக்கவிளைவுகள் கூடின.

ரைபோஃபிளேவின், பாந்தோதெனிக் அமிலம், பயோட்டின் மூன்றையும் விரைந்து கடக்கலாம். பி2 குறைந்தால் கடைவாய் வெடிக்கும், நாக்கு சிவந்து எரியும். பால் அதிகம் சேராத இந்திய உணவில் இது பரவலான குறைவு. மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் பளீரென்று மஞ்சளாவதும் பி2ஆல்தான்: உடலுக்கு வேண்டாதது வெளியே போகிறது. பி5 ஏறக்குறைய எல்லா உணவிலும் இருப்பதால் குறைவு அரிது. பயோட்டின் முடி வளர்க்கும் என்பது விளம்பரத்தில் உள்ள அளவுக்கு ஆய்வில் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். அதிக அளவு பயோட்டின் சாப்பிடுபவரின் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் அறிவித்தது. முடிக்காக மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பி6 நூற்றுக்கும் மேற்பட்ட நொதிகளுக்குத் துணை. மூளையில் செரோடோனின், டோபமின், காபா ஆகிய தூதுப் பொருள்கள் உருவாக அது வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தைப் பால்மாவைக் காய்ச்சிப் பதப்படுத்தியபோது பி6 அழிந்து, அதைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் பி6ஐக் குலைப்பதால்தான் அந்த மருந்தோடு பைரிடாக்சின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதைத் தேவையற்றது என்று எறிந்துவிடக் கூடாது. எறியாமல் இருப்பதும் அளவில்லாமல் விழுங்குவதும் வேறு. நாளுக்குப் பல கிராம் பி6 மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு உணர்வு நரம்புகள் கெட்டு நடக்க முடியாமல் போனதை 1983இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நரம்புக்கு நல்லது என்று வாங்கிய மாத்திரை நரம்பைக் கெடுத்தது. நீரில் கரையும் சத்து எவ்வளவு எடுத்தாலும் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அத்தோடு போயிருக்க வேண்டும், இன்னும் போகவில்லை.

ஃபோலேட்டின் கதை நம் மண்ணில் தொடங்குகிறது. 1928இல் பம்பாய் வந்த இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ், பஞ்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகை இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் வேலை செய்தார். சிவப்பணுக்கள் பெரிதாக, முதிராமல் இருந்தன. ஈஸ்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் என்ற தடவு பசையைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த பொருளுக்குச் சில காலம் வில்ஸ் காரணி என்றே பெயர். செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் கட்டாயம். எலும்பு மஜ்ஜையும் கருவும்போல வேகமாகப் பிரியும் இடங்களில் பற்றாக்குறை முதலில் தெரிகிறது.

அந்தப் பொருளை அமெரிக்க ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்யும் பணிக்குத் தலைமை வகித்தவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் ஸ்புரூ நோயில் சகோதரரைப் பறிகொடுத்தவர். தானும் அதில் பட்டவர். 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலம் அவருடைய குழுவின் கையில் உருவானது. செல் பிரிய ஃபோலேட் வேண்டுமென்றால், அதைப் போலவே இருந்து ஏமாற்றும் ஒரு பொருள் புற்றுச் செல்லின் பிரிவைத் தடுக்குமே என்ற எண்ணத்தில் அமினோப்டெரின் பிறந்தது. அதைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்தார். இன்றும் மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் அந்த வழியில் வந்தது. அதே 1948இல் சுப்பாராவ் இறந்தார். அவர் பெயர் நம் பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் வராதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஃபோலேட்டின் மிகப் பெரிய பயன் 1991இல் உறுதியானது. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கருவுறுதலுக்கு முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. மற்றப் பெண்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருவின் முதுகுத்தண்டுக் குழல் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கையில் மாத்திரை வாங்கும்போது அந்தக் குழலின் கதை முடிந்திருக்கும். திருமணமான வீட்டில் விசேஷம் உண்டா என்று மாதாமாதம் கேட்கும் உறவினர்கள், இந்த மாத்திரையைத் தொடங்கியாயிற்றா என்றும் கேட்டால் பல குழந்தைகள் நடக்கும்.

இனி பி12. இந்தக் குடும்பத்தில் இன்று தமிழர்களுக்கு மிக அவசரமானது இதுதான் என்பது என் முடிவு. தாவரத்தாலும் விலங்காலும் இதைச் செய்ய முடியாது. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. அவை செய்ததை மாடும் மீனும் சேர்த்துவைக்க, நமக்குப் பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் வழியாக வருகிறது. நாளுக்கு வேண்டியது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி உடலில் ஏறும் வழி நீளமானது. இரைப்பை அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைக்கோடியில் அது உள்ளே ஏற வேண்டும். இந்த வழியில் எங்கே உடைந்தாலும், தட்டில் எவ்வளவு இருந்தாலும், குறைவு வரும்.

உடலுக்குள் அதற்கு இரண்டே நொதிகளில் வேலை. அவற்றில் ஒன்று ஃபோலேட்டை மீண்டும் பயன்படும் வடிவுக்குக் கொண்டுவருகிறது; அதனால் பி12 குறைந்தாலும் ஃபோலேட் குறைவு போன்ற இரத்தசோகையே வருகிறது. இந்த உறவில் ஒரு பொறி இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையக் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நோயாளியும் மருத்துவரும் நிம்மதியாவார்கள், உள்ளே நரம்பின் உறை தொடர்ந்து உரியும். கால் விரல் மதமதப்பு, கண்ணை மூடினால் தள்ளாட்டம், மறதி, மனச்சோர்வு என்று அது வெளிப்படும்போது முழுதாகச் சரிசெய்ய முடியாமலும் போகலாம். நாக்கு வழுவழுவென்று சிவப்பதும் கைமுட்டிகள் கருப்பதும் கவனிக்க வேண்டியவை. அந்தக் கருமை பி12 குறைவின் அடையாளம் என்று 1963இல் எழுதியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கரும் தோழர்களும்.

அதற்கு முந்தைய ஆண்டு அதே கல்லூரியிலிருந்து இன்னொரு முக்கியமான கட்டுரை வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்த சில குழந்தைகள் நன்றாக வளர்ந்துகொண்டிருந்து, பிறகு சிரிக்க மறந்து, தலை நிற்பதும் உட்காருவதும் போய், கைகால் தன்போக்கில் அசையத் தொடங்கின. தோல் கருத்தது. தாய்மார்கள் சைவ உணவினர், பி12 குறைந்தவர்கள், பாலிலும் இல்லை. சிறு அளவு பி12 கொடுத்ததும் அந்தக் குழந்தைகள் வியக்கத்தக்க வேகத்தில் விழித்தெழுந்தன. தாய் உடம்பில் வெளியே தெரியாமல் இருந்த குறைவு குழந்தையின் மூளையில் தெரிந்தது. வேலூரில் அறுபது ஆண்டுக்கு முன் எழுதிவைத்ததை நம் பிரசவ மருத்துவம் இன்னும் நடைமுறைக்குப் போதிய அளவு கொண்டுவரவில்லை.

இன்று இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தான மெட்ஃபார்மின், நெடுநாள் எடுத்தால் பி12 ஏறுவதைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் அப்படியே. வயதானவர்களின் இரைப்பையில் அமிலம் சுரப்பதும் குறைகிறது. சைவ உணவு, சர்க்கரை நோய், அறுபது வயது மூன்றும் ஒருவரிடம் சேர்வது தமிழ்நாட்டில் சாதாரணம். அவருக்குப் பாதம் எரிந்தால் சர்க்கரை நரம்பைத் தின்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரையாகவும் இருக்கலாம், பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்பது கடினம். பி12ஆல் கெட்டதைத் தொடக்கத்தில் மீட்கலாம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர் அவ்வப்போது பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நீரிழிவு மருத்துவச் சங்கங்களின் பரிந்துரை. குறைந்திருந்தால் எப்போதும் ஊசிதான் வேண்டும் என்பதுமில்லை. உள்ளகக் காரணி இல்லாமலே வாய்வழி அளவில் சுமார் நூற்றில் ஒரு பங்கு உள்ளே கசிந்துவிடும் என்பதால், 1000 மைக்ரோகிராம் மாத்திரை பலருக்குப் போதும். நரம்பு பாதித்தவருக்கு ஊசியே முதல் வழி.

எதிர்பார்ப்பு பொய்த்த ஓர் இடமும் உண்டு. ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் கூடியவர்களிடம் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும், ஃபோலேட்டும் பி6ம் பி12ம் அதைக் குறைக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே இம்மூன்றையும் கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று பலர் நம்பினார்கள். 2006இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. ஃபோலேட் உணவில் குறைவாக இருந்த சீன இரத்த அழுத்த நோயாளிகளிடம் மட்டும் ஃபோலிக் அமிலம் பக்கவாதத்தைக் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை: குறைவு இருந்த இடத்தில் பலன் தெரிந்தது.

சோர்வு என்று போனால் பி-காம்ப்ளெக்ஸ், ஆன்டிபயாட்டிக்கோடு துணைக்கு பி-காம்ப்ளெக்ஸ், நரம்புத் தளர்ச்சி என்று வாரம் ஒரு சிவப்பு ஊசி என்ற வழக்கத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். சோர்வுக்கு இரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று நூறு காரணம் இருக்கும். காரணத்தைத் தேடாமல் போடும் ஊசி, பி12 பரிசோதனை முடிவையும் மறைத்து உண்மையான நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. சைவ உணவினர், கருவுற நினைக்கும் பெண்கள், மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், முதியவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், குடல் அறுவை செய்தவர்கள் ஆகியோரிடம் குறைவு இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களைத் தேடிப் போக வேண்டிய மாத்திரை, விளம்பரம் பார்த்து வாங்க வசதியுள்ளவர்களிடம் போய்ச் சேர்கிறது.

அரசு அண்மை ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் கலந்த செறிவூட்டிய அரிசிமணிகளைச் சேர்த்து வந்திருக்கிறது. விதிப்படி ஒரு கிலோவில் பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை இருக்கும். நாளுக்கு 300 கிராம் அரிசி சமைத்தால் ஏறக்குறைய 0.3 மைக்ரோகிராம், தேவையில் ஏழில் ஒரு பங்கு. களைந்து வடித்தால் அதிலும் குறையலாம். சத்துணவில் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு முட்டை இதைவிடக் கூடுதலாகத் தருகிறது. பள்ளியை முடித்து வெளியே வந்த பெண்ணுக்கு அந்த முட்டையும் நின்றுவிடுகிறது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையில் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, பி12 இல்லை. பி12 குறைந்தவருக்கு ஃபோலேட்டை மட்டும் கொடுப்பதில் உள்ள சிக்கல் மருத்துவத்துக்குத் தெரிந்தது. வேலூர்க் குழந்தைகளின் தாய்மார்களைப் போன்ற பெண்கள் அந்த மாத்திரை வாங்கும் வரிசையிலும் நிற்கிறார்கள். சில மைக்ரோகிராம் பி12ஐ அதே மாத்திரையில் சேர்ப்பதைத் தமிழ்நாட்டு மருத்துவத் துறை ஒரு மாவட்டத்திலாவது செய்து, அளந்து பார்க்க வேண்டும்.